கூலிங் கிளாஸ்: ஒரு பொருள் வரலாறு

வெயிலுக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடிக்கு ஆங்கிலேயர்கள் சூரியனின் பெயரை வைத்தார்கள். நாம் குளிர்ச்சியின் பெயரை வைத்தோம். ‘கூலிங் கிளாஸ்’ என்பதில் இருக்கும் இரண்டு சொற்களும் இங்கிலீஷ்தான், ஆனால் அதற்குள் இருக்கும் எண்ணம் முழுக்க நம்முடையது. நமக்குக் கண் என்றாலே சூடும் குளிர்ச்சியும்தான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. பொன்னாங்கண்ணிக் கீரை கண்ணுக்குக் குளிர்ச்சி. ராத்திரி முழித்திருந்தால் கண் சூடு. மனசுக்குப் பிடித்ததைப் பார்த்தால் கண் குளிர்ந்துபோகிறது. ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்களைக் கேட்டால் “கண் குளிரச் சேவிச்சேன்” என்பார்கள்.

இந்தக் கட்டுரை, வெயிலில் தானே கறுத்து நிழலில் தானே வெளுக்கிற கண்ணாடியைப் பற்றியது. கடைகளில் போட்டோகுரோமிக் என்கிறார்கள். என் பெரியப்பா தலைமுறைக்கு அது போட்டோசன். வாங்கப் போனால் கடைக்காரர் கம்பெனிப் பெயரைச் சொல்வார், விலையைச் சொல்வார், எப்படிக் கறுக்கிறது என்று காட்டுவார். அந்த லென்ஸ் எந்தப் பொருளால் ஆனது என்று நாம் கேட்பதும் இல்லை, அவர் சொல்வதும் இல்லை. ஆனால் எவ்வளவு கறுக்கும், எவ்வளவு நேரத்தில் வெளுக்கும், எந்த வெயிலில் ஏமாற்றும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பொருளின் கையில்தான் இருக்கிறது. திருச்சி மாதிரி ஓர் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. இதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போய், தஞ்சாவூர் ரோட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வல்லத்துக் கல்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில், தஞ்சாவூரைத் தொடுவதற்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால் வல்லம் வரும். இன்று அங்கே இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். ஒரு காலத்தில் அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது அங்கே மண்ணில் கிடைத்த படிகக் கல். ஸ்படிகம், பளிங்கு என்று நாம் சொல்வது, வேதியியலில் குவார்ட்ஸ். அந்தக் கல்லை அறுத்து, தேய்த்து, மெருகேற்றி மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் செய்தார்கள். பிரிட்டிஷ் காலத்துக் கெசட்டியர்கள் வல்லத்தைப் பற்றிச் சொல்லும்போது இந்தக் கல்லையும் மூக்குக்கண்ணாடியையும் மறக்காமல் குறித்துவைத்திருக்கின்றன. படிக லென்ஸுக்கு இங்கிலீஷ் கண்ணாடிக்காரர்கள் வைத்த பெயர் பெப்பிள், அதாவது கூழாங்கல்.

நம் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி எப்போது வந்தது என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. விஜயநகர அரசர்கள் குருவாகக் கொண்டாடிய வியாசராயரைப் பற்றிச் சோமநாத கவி சமஸ்கிருதத்தில் எழுதிய ‘வியாசயோகி சரிதம்’ என்ற நூலில், அவர் கண்ணாடி வைத்துக்கொண்டு சுவடி படித்ததாக ஒரு வர்ணனை வருகிறது. காலம் 1520 வாக்கில். வரலாற்று ஆய்வாளர் பி.கே. கோடே 1940களில் இதை எடுத்துக்காட்டினார். போர்த்துகீசியர்கள் கோவாவைப் பிடித்தது 1510இல். பத்தே வருஷத்தில் ஒரு தென்னிந்தியத் துறவியின் மூக்கின் மேல் கண்ணாடி ஏறிவிட்டது.

அதைத் தொடர்ந்து இங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கல் அறுக்கத் தெரிந்த கைகள் இந்த வட்டாரத்தில் எப்போதும் இருந்தன. கல்லைத் தேய்க்க உதவும் குருந்தம் நம் நிலத்தில் கிடைப்பது. இங்கிலீஷில் அதற்கு இருக்கும் பெயரே தமிழிலிருந்து போனதுதான். இருபதாம் நூற்றாண்டில் திருச்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டுத் திண்ணைகளில் செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டினார்களே, அந்தக் கைகளும் இதே கைகளின் வரிசைதான்.

படிக லென்ஸை மக்கள் விரும்பியதற்கு இரண்டு காரணம். ஒன்று, அது கீறல் விழாத பொருள். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் படிகத்துக்கு 7, சாதாரணக் கண்ணாடிக்கு ஐந்தரைக்குப் பக்கம். தெருப் புழுதியில் இருக்கும் மணலும் படிகத்தின் சொந்தக்காரன்தான். அது கண்ணாடியைக் கீறும், படிகத்தை அவ்வளவு சுலபமாகக் கீறாது. இன்னொரு காரணம், படிகம் குளிர்ச்சி என்ற நம்பிக்கை. கல்லா கண்ணாடியா என்று கண்டுபிடிக்க அதைக் கன்னத்திலோ நாக்கு நுனியிலோ வைத்துப் பார்ப்பது பழைய சோதனை. படிகம் சில்லென்று இருக்கும். கண்ணாடி அப்படி இருக்காது. காரணம், கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாகப் படிகம் வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போய்விடும். தோலிலிருந்து சூட்டை உறிஞ்சுகிறது, அதனால் சில்லென்று தெரிகிறது. சோதனை சரியான சோதனைதான்.

அந்தச் சோதனையிலிருந்து எடுத்த முடிவுதான் நேர்மாறாகப் போயிற்று. தோலுக்குக் குளிர்ந்த கல் கண்ணுக்கும் குளிரும் என்று எண்ணிக்கொண்டார்கள். வெயிலில் நம் கண்ணுக்குக் கேடு செய்வதில் முக்கியமானது கண்ணுக்கே தெரியாத புற ஊதாக் கதிர். சாதாரணக் கண்ணாடி அதில் ஒரு பகுதியையாவது தடுத்துவிடும். படிகம் ஏறக்குறைய எல்லாவற்றையும் வழிவிட்டு உள்ளே அனுப்பும். ஆய்வகங்களில் புற ஊதா வேலைக்கென்றே குவார்ட்ஸ் குடுவை வாங்குவது இதனால்தான். ஆக, குளிர்ச்சிக்குப் பேர்போன வல்லத்துக் கல், வெயில் விஷயத்தில் கண்ணுக்கு ஒரு காவலும் தரவில்லை.

மணிமேகலையில் பளிக்கறை புக்க காதை என்று ஒரு பகுதி. மணிமேகலை ஒரு பளிங்கு மண்டபத்துக்குள் போய் ஒளிந்துகொள்வாள். உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும், குரல் வெளியே வராது என்று அந்த மண்டபத்தைப் பற்றிச் சொல்லியிருக்கும். ஒரு பொருள் எதை விடும், எதை விடாது என்ற கேள்வி நமக்குப் புதிது இல்லை. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்று ஒன்று இருப்பது தெரிய வந்தபோது, அந்தக் கேள்வியை மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியதாயிற்று.

சாயம் ஏறிய கண்ணாடி

கேட்டவர்களில் ஒருவர் வில்லியம் குரூக்ஸ். இங்கிலாந்தில் கண்ணாடி உலைகளில் வேலை செய்கிறவர்களுக்குச் சின்ன வயதிலேயே கண்புரை வந்துகொண்டிருந்தது. உலையின் ஒளியில் கேடானதைத் தடுத்து, பார்வைக்கு வேண்டியதை மட்டும் விடுகிற கண்ணாடியைச் செய்ய முடியுமா என்று பார்க்கிற வேலை அவரிடம் வந்தது. கண்ணாடிக் கலவையில் சீரியம் முதலான உலோகங்களை விதவிதமாகச் சேர்த்துப் பார்த்து, 1914இல் முடிவுகளை வெளியிட்டார். குரூக்ஸ் லென்ஸ் என்ற பெயர் அதன்பின் பல பத்தாண்டுகள் உலகமெங்கும் கண்ணாடிக் கடைகளில் புழங்கியது. அவருடைய கலவைகளில் சில பார்ப்பதற்கு ஏறக்குறைய நிறமே இல்லாதவை. இது முக்கியம். கறுப்பாக இருப்பதும் காப்பதும் ஒன்றல்ல என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஒளியும் கண்ணாடியும் சேர்ந்த கதையில் நம்மூர்க்காரர் ஒருவரும் வருகிறார். சி.வி. ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7, திருவானைக்காவலில். ஸ்ரீரங்கம் தீவிலேயே இருக்கிற ஊர். 1927இல் அவர் கண்ணாடி போன்ற உருவமற்ற திடப்பொருள்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். படிகத்தில் அணுக்கள் ராணுவ வரிசையில் நிற்கும். கண்ணாடியில் சந்தைக் கூட்டம் மாதிரி நிற்கும். அந்த ஒழுங்கின்மையே ஒளியை லேசாகச் சிதறடிக்கிறது என்பது அதன் சாரம். மறு வருஷம் பிப்ரவரி 28ஆம் தேதி அறிவித்த ராமன் விளைவைக் கண்டுபிடிக்க அவருக்கு உதவிய சாமான்களில் நிறக் கண்ணாடித் துண்டுகளும் உண்டு. சூரிய ஒளியை ஒரு நிற வடிகட்டி வழியே திரவத்துக்குள் அனுப்பி, அதற்கு மாற்று நிறமான இன்னொரு வடிகட்டி வழியே பார்த்தார். முதல் கண்ணாடி விட்டதை இரண்டாவது கண்ணாடி விடக் கூடாது. ஆனாலும் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. நிறம் மாறிய வெளிச்சம்.

கண்ணாடியின் அந்தச் சந்தைக் கூட்டத்துக்குள்தான் அடுத்த கதாபாத்திரம் நுழைகிறது.

வெள்ளியைச் சிறைவைத்தவர்கள்

அமெரிக்காவில் கார்னிங் என்ற கண்ணாடிக் கம்பெனி. அங்கே வேலை பார்த்த டொனால்ட் ஸ்டூக்கியும் வில்லியம் ஆர்மிஸ்டெடும் 1964இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெளிச்சத்தில் கறுத்து, வெளிச்சம் போனதும் பழையபடி தெளியும் கண்ணாடி.

உள்ளே நடப்பது பழைய போட்டோ ஸ்டூடியோ வித்தை. பிலிமில் இருக்கும் வெள்ளி உப்பின் மேல் வெளிச்சம் பட்டால், வெள்ளி தனியே பிரிந்து கறுக்கும். அதோடு சேர்ந்திருந்த குளோரினோ புரோமினோ விலகிப் போய்விடும். போனது திரும்பி வராது, அதனால் படம் நிலைக்கிறது. ஸ்டூக்கியும் ஆர்மிஸ்டெடும் அதே வெள்ளி உப்பைக் கண்ணாடிக்குள் வைத்தார்கள். கண்ணாடியை உருக்கி வார்த்த பிறகு மறுபடி பதமாகச் சூடேற்றினால், உள்ளே வெள்ளி உப்பின் மிக நுண்ணிய படிகங்கள் விளையும். ஒவ்வொன்றும் சுமார் பத்து நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு. அதற்கு மேல் பெரிதாக வளரவிட்டால் கண்ணாடி பால் கலந்தது போல் மங்கிவிடும். புற ஊதா பட்டதும் வெள்ளி பிரிகிறது, கண்ணாடி கறுக்கிறது. ஆனால் பிரிந்த குளோரின் எங்கே போகும்? சுற்றிலும் இறுகிய கண்ணாடி. கூடவே துளி செம்பையும் கலந்து வைத்திருப்பார்கள், எலக்ட்ரானைக் கொடுத்து வாங்குகிற தரகு வேலைக்கு. வெளிச்சம் போனதும் வெள்ளி வேறு வழியில்லாமல் பழைய துணையோடு சேர்ந்துகொள்கிறது. கண்ணாடி தெளிகிறது.

வெள்ளி உப்பு கறுக்கும் என்பது நூறு வருஷத்துக்கு மேல் தெரிந்த சங்கதி. அதைத் திரும்ப வெளுக்க வைத்தது சுற்றியிருந்த கண்ணாடிதான். ஜெலட்டினில் வைத்தால் போட்டோ, கண்ணாடிக்குள் வைத்தால் போட்டோகுரோமிக். தப்பிக்க வழியில்லாததால் எத்தனை ஆயிரம் தடவை கறுத்து வெளுத்தாலும் அந்தக் கண்ணாடி களைக்காது.

1960களின் கடைசியில் போட்டோகிரே கடைக்கு வந்தது. 1978இல் அதன் வேகமான தம்பி போட்டோகிரே எக்ஸ்ட்ரா.

பெரியப்பாவின் கண்ணாடி

என் பெரியப்பா திருச்சி பெல் கம்பெனியில் வெல்டர். 1960களில் திருவெறும்பூர் பக்கம் பாய்லர் தொழிற்சாலை வந்த பிறகு திருச்சி வெல்டர்களின் ஊராகிவிட்டது. வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே 1975இல் அங்கே ஒரு நிறுவனமும் வந்தது. கறுப்புக் கண்ணாடியை நம்பர் வைத்துப் பேசுகிறவர்கள் வெல்டர்கள்தான். “பத்தாம் நம்பர் போதாது, பதினொண்ணு எடு” என்று பெரியப்பா சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முகமூடி இல்லாமல் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது, ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும் என்பார். அந்த மணல்தான் புற ஊதா. தெரியாத வெளிச்சம் சுடும் என்பதை அவர் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அவருக்கு மைனஸ் ஆறு பவர். எண்பதுகளில் வாங்கிய கண்ணாடிப் போட்டோசனைப் பல வருஷம் போட்டிருந்தார். கனம் என்றால் அப்படியொரு கனம். மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கும். கண்ணாடியின் அடர்த்தி தண்ணீரைப் போல் இரண்டரை மடங்கு, இன்றைய சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸுக்கு அதில் பாதிதான். இன்னொன்றையும் அவரே கவனித்துச் சொன்னார்: “நடுவுல வெளுப்பாவும் ஓரத்துல கறுப்பாவும் இருக்குடா, சுட்ட அப்பளம் மாதிரி.” காரணம் எளிது. வெள்ளி உப்பு கண்ணாடி முழுவதும் பரவியிருக்கிறது. மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிசு, ஓரத்தில் தடிமன். தடிமன் எங்கே அதிகமோ அங்கே கறுப்பும் அதிகம். பிளஸ் பவர்காரர்களுக்கு இதுவே தலைகீழ். கண்புரை ஆபரேஷனுக்குப் பின்னால் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர்கள் காலத்தில், அந்தத் தடித்த லென்ஸைப் போட்டோகுரோமிக் கண்ணாடியில் செய்தால் நட்டநடுவில் இருட்டு உட்கார்ந்துகொள்ளும்.

கூட்டத்தில் குடை விரிப்பது

பிளாஸ்டிக் லென்ஸின் தகப்பன் சிஆர்-39. அமெரிக்காவின் பிபிஜி கம்பெனியின் துணை நிறுவனம் 1940 வாக்கில் செய்த பிசின். இரண்டாம் உலகப் போரில் குண்டு வீசும் விமானங்களின் எரிபொருள் தொட்டிக்குப் பயன்பட்டது. போர் முடிந்து மிச்சமானது மூக்குக்கண்ணாடியானது. லேசு, உடையாது. எல்லாரும் அதற்கு மாற ஆரம்பித்தார்கள். ஆனால் அதற்குள் வெள்ளி வித்தை பலிக்காது. வெள்ளி உப்பை விளைவிக்க ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டில் பிசின் கரிந்துவிடும்.

எனவே கரிமச் சேர்மங்கள் பக்கம் போனார்கள். 1950களின் தொடக்கத்தில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஹிர்ஷ்பெர்க்கும் ஃபிஷரும் ஸ்பைரோபைரான் என்ற வகையை ஆராய்ந்தார்கள். போட்டோகுரோமிசம் என்ற சொல்லே ஹிர்ஷ்பெர்க் வைத்ததுதான். பின்னால் ஸ்பைரோஆக்சசீன், நாஃப்தோபைரான் என்று உறுதியான வகைகள் வந்தன. இவை வேலை செய்யும் விதம் வேறு. அந்த மூலக்கூறை மடக்கிய குடை என்று வைத்துக்கொள்ளலாம். மடங்கியிருக்கும்போது நிறம் இல்லை. புற ஊதா பட்டதும் ஒரு பிணைப்பு விட்டுப்போய், மூலக்கூறு முறுக்கிக்கொண்டு விரிகிறது. விரிந்த குடை வெளிச்சத்தை விழுங்கும், லென்ஸ் கறுக்கும்.

குடை விரிக்க இடம் வேண்டும். கொள்ளிடம் மணலில் தனியாக நின்றால் எந்தக் குடையையும் விரிக்கலாம். வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கிற நேரத்துக் கூட்டத்தில் விரித்துப் பாருங்கள். சிஆர்-39 இறுகிய கூட்டம். பாலிகார்பனேட் அதைவிட மோசம், உள்ளே குடை அசையக்கூட இடமில்லை. 1980களின் தொடக்கத்தில் வந்த முதல் பிளாஸ்டிக் போட்டோகுரோமிக் லென்ஸ்கள் எடுபடவில்லை. நீலமாக மாறின, சீக்கிரமே களைத்தன. 1990இல் பிபிஜியும் பிரான்சின் எஸ்ஸிலோரும் சேர்ந்து ட்ரான்சிஷன்ஸ் கம்பெனியை ஆரம்பித்த பிறகுதான் வழி பிறந்தது. லென்ஸின் பிசினைச் சற்றுத் தளர்வாகச் செய்து, முன்பக்கத்தில் சாயத்தைத் தடவிச் சூடேற்றி, மேல் தோலில் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு ஆழத்துக்கு மட்டும் ஊறவைத்தார்கள். பாலிகார்பனேட்டுக்கு அதுவும் நடக்காது. அதன் மேல் இளகிய இன்னொரு படலத்தைப் பூசி, குடைகளை அந்தப் படலத்தில் நிறுத்தினார்கள்.

இதில் ஒரு நன்மை. சாயம் மேல் தோலில் மட்டும் இருப்பதால் பவர் எவ்வளவு இருந்தாலும் கறுப்பு சமமாகப் படியும், அப்பளம் ஆகாது. ஒரு நஷ்டமும் உண்டு. வெள்ளி மாதிரி இது சாகாவரம் பெற்றதல்ல. விரிந்து மடங்கி விரிந்து மடங்கி, சில வருஷத்தில் குடைக்கம்பி தேய்கிறது. முன்பு போல் கறுக்காது, முழுசாக வெளுக்கவும் செய்யாது.

35 டிகிரி

இரண்டாயிரத்துக்குப் பிறகு பெரியப்பாவும் பிளாஸ்டிக்குக்கு மாறினார். மூக்குப் பள்ளம் மறைந்தது. மே மாதம் வந்ததும் புகார் ஆரம்பமாயிற்று. வெயிலில் நின்றால் பாதிதான் கறுக்கிறது. வாங்கிய கடையில் போய்க் கேட்டார். “வெயில் ரொம்ப அதிகம் சார், அதான்” என்றார்களாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: “வெயில் அதிகம்னுதானேடா இந்தக் கண்ணாடியே வாங்கினேன்?”

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. குடையை விரிப்பது புற ஊதா, மடக்குவது வெப்பம். இரண்டும் எப்போதும் இழுபறியில் இருக்கின்றன. குளிரில் மடங்க நேரம் பிடிக்கும், அதனால் விரிந்த குடைகள் சேர்ந்துகொண்டே போய் லென்ஸ் நன்றாகக் கறுக்கும். சூட்டில் விரிகிற வேகத்துக்கு ஈடாக மடங்கிக்கொண்டே இருக்கும், லென்ஸ் வெளிறி நிற்கும். கொடைக்கானலில் கன்னங்கரேல் என்று இருக்கும் அதே லென்ஸ், அக்னி நட்சத்திரத்தில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தேநீர்ச் சாயலில் நிற்கும். வெள்ளி போட்ட கண்ணாடிக்கும் இந்தச் சுபாவம் உண்டு.

இந்த லென்ஸ்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 8980-3 என்று ஓர் உலகத் தரவிதி இருக்கிறது. வழக்கமான சோதனை 23 டிகிரி செல்சியஸில். வெப்பம் எப்படிப் பாதிக்கிறது என்று பார்க்க 5 டிகிரியிலும் 35 டிகிரியிலும் சோதனை. அதாவது சூடு என்று அந்த விதி வைத்திருக்கும் எல்லை 35. திருச்சிக்காரர்களுக்கு அது பங்குனி மாதத்து முற்பகல். மே மாதத்தில் 40ஐத் தாண்டும் நாட்கள் இங்கே செய்தியே இல்லை. அதிலும் லென்ஸ் இருப்பது முகத்தில், நேரே வெயில் படும் இடத்தில். சோதனைக்கூடம் சூடு என்று நினைத்த இடத்துக்கு மேலேதான் நம் கோடை ஆரம்பிக்கிறது.

கடையில் நடக்கும் காட்சியையும் இதோடு வைத்துப் பாருங்கள். ஏசி ஓடுகிறது. கடைப் பையன் ஒரு சின்ன டார்ச்சை எடுத்து லென்ஸின் மேல் அடிக்கிறான். ஒரு வட்டம் கருகருவென்று கறுக்கிறது. “பாத்தீங்களா சார்!” டார்ச் புற ஊதா, அறை 23, 24 டிகிரி. சோதனைக்கூடத்தின் மிகச் சாதகமான நிலையைக் கடை அப்படியே திருப்பிச் செய்து காட்டுகிறது. யாரும் ஏமாற்றவில்லை. அந்தக் காட்சியில் இல்லாதது வாசலுக்கு வெளியே இருக்கும் ஊர் மட்டும்தான்.

இன்னொரு வேடிக்கை. காரின் முன்கண்ணாடி இரண்டு தகட்டுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அந்தப் படலம் புற ஊதாவைத் தடுத்துவிடும். அதனால் காருக்குள் இந்த லென்ஸ் பெரும்பாலும் கறுக்கவே கறுக்காது. ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து காவிரிப் பாலத்தைக் கடப்பவருக்கு, காற்றும் உண்டு, கறுப்பும் உண்டு.

சந்நிதியின் இருட்டு

கறுப்பது பாதி வேலை. வெளுப்பதுதான் ஸ்ரீரங்கத்தில் பெரிய வேலை. 1987இல் கட்டி முடித்த ராஜகோபுரம் 236 அடி. அதன் அடியில் நுழைந்து, பிராகாரம் பிராகாரமாக வெயிலில் நடந்து, கால் சுட, பிறகு கல் மண்டபங்களின் நிழலுக்குள் போய், கடைசியில் பெரிய பெருமாளின் கருவறை முன்னால் நிற்கிறோம். மூலவர் சுதையால் ஆனவர். தைலக்காப்பு சாத்திச் சாத்திக் கரிய திருமேனி. விளக்கு வெளிச்சம் மட்டும். கிடைப்பது சில விநாடிகள், அதற்குள் நகரச் சொல்வார்கள். கறுத்த லென்ஸ் ஓரளவு தெளிய ஓரிரு நிமிஷம், முழுக்கத் தெளிய அதைவிட வெகுநேரம். இருட்டில் இருக்கும் கரியவரைக் கறுப்புக் கண்ணாடி வழியே சேவிப்பதை யோசித்துப் பாருங்கள். கழற்றினால் மைனஸ் ஆறு. இரண்டு விதத்திலும் பெருமாள் இல்லை.

இங்கேயும் வெப்பம் ஒரு திருப்பம் வைத்திருக்கிறது. சித்திரை வெயிலில் பாதிதான் கறுக்கும் லென்ஸ், அதே சூட்டின் தயவால் சீக்கிரம் வெளுக்கும். வரிசையில் நிற்கும் நேரமே போதும். மார்கழிக் காலையில் அதே லென்ஸ் நன்றாகக் கறுக்கும், சாவகாசமாக வெளுக்கும். வெயில் தாங்க முடியாத மாதத்தில் கைவிடுகிறது, இதமான மாதத்தில் மிதமிஞ்சிக் காக்கிறது. பெரியப்பா கடைசியில் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டார். வெளியே ஒரு கறுப்பு, கோயிலுக்கு ஒரு வெள்ளை. “வெல்டிங் ஷாப்புல செஞ்சதுதான்டா, வேலைக்கு ஒரு கண்ணாடி” என்றார். இரண்டு ஜோடி வாங்க அவருக்குப் பென்ஷன் இருந்தது. ஒரே ஜோடிக்கு மாசக்கணக்கில் சேர்த்து வைக்கிறவர்களுக்குத்தான் அந்த ஒன்று எந்தப் பொருள், எந்த மாதத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது வாங்கும் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

கேட்க வேண்டியது

கம்பெனிகளுக்கு இது தெரியாமல் இல்லை. சூட்டில் அவ்வளவாகத் தளராத வகைகள் தனியாக வந்திருக்கின்றன. அவற்றில் சில நிழலிலும் லேசான சாயலோடு நிற்கும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைகிறது. கண்ணாடி, களைக்காது ஆனால் கனக்கும், உடையும். தளர்ந்த பிசின், குடைக்கு இடம் தரும் ஆனால் எளிதில் கீறும். பாலிகார்பனேட், அடித்தாலும் உடையாது, குடைக்கு இடம் தராது. அதற்கு ஒரு குணம் உண்டு. சாயம் எதுவும் இல்லாமல், தெளிந்த நிலையிலேயே ஏறக்குறைய முழுப் புற ஊதாவையும் தடுத்துவிடும். கண் கூசுவது வேறு, கண் கெடுவது வேறு. கூசாமல் இருக்கக் கறுப்பு வேண்டும். கெடாமல் இருக்கப் பொருள் சரியாக இருந்தால் போதும், நிறமே வேண்டாம். குரூக்ஸ் நூறு வருஷத்துக்கு முன்னால் கண்டது இதைத்தான்.

எனவே கடையில் இரண்டு கேள்வி கேட்கலாம். லென்ஸ் என்ன மெட்டீரியல்? 35 டிகிரியில் எவ்வளவு கறுக்கும்? இரண்டாவதற்குப் பல கடைகளில் பதில் வராது. ஆனால் பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும். முடிந்தால் அந்த மாதிரி லென்ஸை வாங்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் வாசலில் வெயிலில் நின்று பாருங்கள். வல்லத்துக் கல் வாங்கியவன் காசு கொடுப்பதற்கு முன்னால் அதைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.